இருந்த இடத்திலேயே திருத்துதல்: மூலப்பிரதி குறித்துச் சில குறிப்புகள்

தொண்ணூறுகளில் புலம்பெயர் சஞ்சிகைகள் பலவற்றுக்காகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகளை இன்று ஒருங்குறிக்கு மாற்றவேண்டியிருக்கிறது. லாரி வால் 1987இல் வெளியிட்ட பேர்ள் நிரல்மொழி இதற்கு வசதியான கருவி. ஒற்றைவரிக் கட்டளையால் நூறு கோப்புகளைத் திருத்திவிடலாம். இதனை ‘இருந்த இடத்திலேயே திருத்துதல்’ என்கிறார்கள். இப்பெயரே ஒரு மயக்கத்தைத் தருகிறது.

உண்மையில் பேர்ள் பழைய கோப்பில் எதையும் அழித்தெழுதுவதில்லை. வரிவரியாக வாசித்து, மாற்றியதைப் புதுக் கோப்பொன்றில் எழுதி, பழைய பெயரை அதற்குச் சூட்டிவிடுகிறது. ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்துக்குரிய தெரிவே இதைச் செய்விப்பது. அதனோடு இடைவெளியின்றி ஒரு பின்னொட்டைச் சேர்த்தால், மூலம் அந்தப் பின்னொட்டோடு தப்பிப் பிழைக்கும். சேர்க்காவிட்டால் மூலம் இல்லை. பழைய ஏட்டைப் படியெடுத்தபின் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட நம்மவர் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது.

2018இல் வந்த 5.28ஆம் பதிப்பு முதல், வேலை முடிந்த பின்னரே புதுக் கோப்பு பழையதன் இடத்துக்கு வருகிறது. இடையில் நிரல் நின்றுபோனாலும் மூலம் அழியாது. ஆனால் பிழையான விதி தடங்கலின்றி ஓடி முடிந்தால்? அதற்கு அப்பதிப்பிலும் பாதுகாப்பில்லை.

பிழைக்கு இடம் நிறையவே உண்டு. பாமினியில் ‘மொழி’ என்ற சொல் ஒற்றைக்கொம்பு, ம, அரவு, ழ, இகர விசிறி என்ற வரிசையில் பதிவாகும். ஒருங்குறியில் கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறி மகரத்தின் பின் வரும். எனவே ‘மொ’வுக்கான விதி ‘மா’வுக்கான விதிக்கு முன் ஓடவேண்டும், வரிசை பிசகினால் சொல் சிதையும். கட்டுரையின் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும்.

இதைவிடப் பெரியது இன்னொன்று. மாற்றும்போதே ‘ரொறன்ரோ’வை ‘டொராண்டோ’ ஆக்கிவிடலாமே என்று யோசனை சொல்கிறார்கள். கட்டளையில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். ஆனால் அந்த றகரத்தில் எழுதியவரின் ஊரும் காலமும் இருக்கின்றன. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் பாடபேதம் பற்றிக் கற்பித்தேன். அன்று ஏடுகளுக்குச் சொன்னது இன்று இக்கோப்புகளுக்கும் பொருந்தும். இப்போது நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், அச்சைக் கழற்றுமுன் அதில் கடைசியாக வந்த பொருளை மாதிரியாக எடுத்துவைப்போம். அடுத்த அச்சில் வருவதை அதனோடுதான் ஒப்பிடுவோம்.

அதே பின்னொட்டோடு இரண்டாந்தரம் ஓட்டினால், முதலில் திருத்தியது காப்புப்பிரதியின் மேல் எழுதப்பட்டுவிடும். மூலம் அப்போதும் போய்விடும். ஆகவே முதலில் மூலக்கோப்புகளை வேறோரிடத்தில் பிரதிசெய்து பூட்டிவையுங்கள். பின்னர் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஓட்டிய விதிகளையும் ஆவணத்தோடு சேர்த்து வையுங்கள். ‘பிரதி’ என்ற சொல்லால் நாம் நகலையும் குறிக்கிறோம், பாடத்தையும் குறிக்கிறோம். ஆவணப்படுத்துபவர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.