நோன்பும் ஈகையும்

ரமழான் மாத முடிவில் வரும் பெருநாளுக்கு அரபு மொழியில் வழங்கும் பெயரும் தமிழில் வழங்கும் பெயரும் வெவ்வேறு பொருளுடையன. அரபியில் அஃது 'ஈதுல் பித்ர்' எனப்படும். நோன்பு துறக்கும் பெருநாள் என்பது அதன் பொருள். தமிழ் பேசும் மக்களோ அதனை 'ஈகைத் திருநாள்' என்றும் வழங்குவர். ஒரு பெயர் நோன்பை நினைவூட்டுகின்றது. மற்றொன்று கொடையை நினைவூட்டுகின்றது. இவ்விரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நில்லா என்பதே இப்புனித மாதம் புகட்டும் பாடமாகும்.

இஸ்லாமிய ஆண்டின் ஒன்பதாவது மாதம் ரமழான். அவ்வாண்டு சந்திரனின் ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஆதலின், ரமழான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வருகின்றது. இளமையில் மாரிக்காலத்தில் நோன்பு நோற்றவன் பின்னர்க் கடுங்கோடையிலும் அதனை நோற்க நேரும். மாதத்தின் தொடக்கமும் முடிவும் பிறை கண்டே தீர்மானிக்கப்படுகின்றன. இலங்கையில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக்குழுவின் முடிவை வானொலி வாயிலாக அறியக் காத்திருக்கும் இல்லங்கள் பலவாகும்.

நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்ற இரண்டாம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், ரமழான் நோன்பு கடமையாக்கப்பட்டது. வைகறை தொடங்கிச் சூரியன் மறையும்வரை உண்ணாமலும் பருகாமலும் இல்லறவின்பம் நாடாமலும் இருத்தல் வேண்டும். எனினும் இக்கடமை எவரையும் வருத்துவதற்காக விதிக்கப்பட்டதன்று. நோயாளரும் பயணிகளும் விட்ட நோன்பைப் பின்னொரு காலத்தில் நோற்கலாம். நோற்கவே இயலாத முதியோர், விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவளித்தல் வேண்டும். நோன்புக்கு ஈடாக வைக்கப்பட்டது ஏழையின் உணவு என்பது இங்கே கருதத் தக்கது.

திருக்குர்ஆன் அருளப்பெற்ற மாதம் என்பதாலேயே ரமழான் ஏனைய மாதங்களினும் சிறப்புற்றது. இரவுகளில் 'தராவீஹ்' என்னும் தொழுகை நடைபெறும். பல பள்ளிவாசல்களில் மாத முடிவிற்குள் குர்ஆன் முழுவதும் ஓதி நிறைவு செய்யப்படும். இறுதிப் பத்து நாட்களில் சிலர் பள்ளிவாசலிலேயே தங்கி 'இஃதிகாப்' இருப்பர். ஆயிரம் மாதங்களினும் மேலானதெனப் போற்றப்படும் 'லைலத்துல் கத்ர்' என்னும் இரவு அந்நாட்களில் அமையும் என்பது நம்பிக்கை.

இத்துணை வழிபாட்டின் பயன் யாது? இறையச்சமே நோன்பின் நோக்கமெனக் குர்ஆன் கூறும். பொய்யும் தீச்செயலும் விடாதவன் உணவை விடுவதால் இறைவனுக்கு ஆவதொன்றில்லை என்பது நபிகளாரின் போதனை. அவர் இயல்பாகவே பெருங்கொடையாளர். ரமழானில் அவரது கொடை வீசும் காற்றினும் விரைந்தது என அவர்தம் தோழர் உரைத்துள்ளனர். வறியவன் நாடோறும் அறிந்த பசியைச் செல்வனும் ஒரு மாதம் தன் உடலால் அறிகின்றான். அறிந்தபின் அவன் கை சும்மா இருத்தல் முறையன்று. மாலைவேளையில் பள்ளிவாசல்களிலே தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சி வழங்கப்படும் நோன்புக் கஞ்சி இவ்வுணர்வின் எளிய வடிவமாகும்.

கொடையில் முதன்மையானது 'ஸகாத்'. தூய்மை, வளர்ச்சி என்னும் இருபொருளும் அச்சொல்லில் அடங்கும். ஏறத்தாழ 85 கிராம் பொன்னின் பெறுமதிக்குக் குறையாத செல்வம் ஓராண்டு முழுவதும் ஒருவரிடம் தங்கியிருக்குமாயின், அதில் நாற்பதில் ஒரு பங்கை, அதாவது 2½ வீதத்தை, அவர் கொடுத்தல் வேண்டும். பத்து இலட்சம் ரூபாவிற்கு 25,000 ரூபா என்பது கணக்கு. ஏழைகள், வறியோர், கடன்பட்டோர், வழிப்போக்கர் முதலிய எட்டு வகையினர் அதனைப் பெறுதற்குரியோர் எனக் குர்ஆன் வரையறுக்கின்றது. இக்கடமை ரமழானுக்கு மட்டும் உரியதன்று. எனினும் இம்மாதத்தில் செய்யும் நற்செயலுக்குப் பயன் மிகுதி என்று கருதிப் பலரும் இம்மாதத்திலேயே தம் கணக்கை முடிக்கின்றனர்.

மற்றொன்று 'ஸகாத்துல் பித்ர்'. இது செல்வத்தின் மீது அன்று, ஆளின் மீது விதிக்கப்படுவது. ஆண், பெண், முதியோர், குழந்தை என்னும் வேறுபாடின்றிக் குடும்பத்தின் ஒவ்வொருவருக்காகவும் ஒரு 'ஸாஉ' அளவு தானியம் கொடுத்தல் வேண்டும். இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவின் நான்கு மடங்கே ஒரு ஸாஉ ஆகும். அரிசியானால் ஏறத்தாழ 2½ கிலோ கிராம். இலங்கை முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ வழிமுறையின்படி, பெருநாளன்றைய பகலுக்கும் இரவுக்கும் தன் குடும்பத்திற்கு வேண்டிய உணவுக்கு மேல் மிகுதியுடைய எவனும் இதனைக் கொடுக்கக் கடமைப்பட்டவன். ஆதலின், பிறரிடம் பெற்ற ஏழையும் தன் பங்கிற்குக் கொடுப்பவனாக ஆதல் கூடும். ஏற்பவன் என்றே பெயர் பெற்றவன் ஒரு நாளேனும் ஈபவனாக நிமிர்ந்து நிற்க இவ்விதி இடம் தருகின்றது.

கொடுத்தல் மட்டும் போதாது. கொடுக்கும் முறையும் செம்மையாக இருத்தல் வேண்டும். வெளிப்படையாகக் கொடுப்பது நன்று. மறைவாக ஏழைக்குக் கொடுப்பது அதனினும் நன்று எனக் குர்ஆன் அறிவுறுத்துகின்றது. சொல்லிக் காட்டுவதால் தருமம் பாழாகும் என்றும் அஃது எச்சரிக்கின்றது. கொழும்பு மாளிகாவத்தையில் 2020 மே 21ஆம் திகதி, ரமழானின் இறுதி நாட்களில், பணம் பங்கிடப்பட்ட இடமொன்றில் ஏற்பட்ட நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் உயிரிழந்தனர். கொடுத்தவர் எண்ணம் நல்லதாயினும், வறியோரை ஒரு வாயிலில் திரண்டு நிற்கச் செய்யும் வழக்கத்தின் தீங்கை அத்துயர நிகழ்ச்சி உணர்த்திற்று. ஸகாத் என்பது செல்வன் மனமிரங்கி எறியும் பிச்சையன்று. செல்வத்தினுள் ஏழைக்கு உரியதாக வைக்கப்பட்ட பங்கு. உரிமையைப் பெறுபவன் வாயிலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. கொடுக்க வேண்டியவனே அவனைத் தேடிச் செல்லுதல் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்த ஊர்களில் பள்ளிவாசலை நடுவாகக் கொண்டு ஸகாத்தைத் திரட்டி, தேவையுடையோரைக் கண்டறிந்து, தையற் பொறியோ, மீன்பிடி வலையோ, சிறுகடைக்கு முதலோ கொடுத்து, அவரைத் தம் காலில் நிற்கச் செய்யும் வழக்கமும் உண்டு.

பெருநாள் தொழுகைக்கு மக்கள் புறப்படுமுன்னரே பித்ர் அரிசி உரியவர் இல்லத்தைச் சேர்ந்துவிடல் வேண்டும். முப்பது நாள் நோற்றவனும் அந்நாளில் நோன்பிருத்தல் ஆகாது. அது மார்க்கத்தால் விலக்கப்பட்டது. விரும்பியும் பசித்திருக்கக் கூடாத அந்நாளில், உணவின்மையால் ஒருவன் பசித்திருக்க விடுதல் எவ்வாறு தகும்? அயல் வீட்டு அடுப்பிலும் அன்று காலை உலை கொதிக்கும்போதே, ஈகைத் திருநாள் என்னும் தமிழ்ப் பெயர் பொருளுடையதாகும்.