ஆய்வுக்கூடங்களில் உயிர்ப் பாதுகாப்பு அலுவலரின் பணி

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள லேக் கார்டன்ஸ், வீடுகள் நெருங்கிய வட்டாரமாகும். அதற்கு அண்மையில், ஜாதவ்பூரில், இந்திய வேதி உயிரியல் நிறுவனம் இயங்குகிறது. 1935-இல் தொடங்கிய இந்நிறுவனத்தில், காலா அசார் போன்ற நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. இத்தகைய கூடங்கள் மக்களிடையே அமைந்திருப்பதில் தவறில்லை. ஆனால் உள்ளே கையாளப்படும் கிருமி வெளியேறாது என்பதற்கு யார் பொறுப்பு என்பது தெளிவாயிருத்தல் வேண்டும்.

1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், பெரியம்மை ஆய்வுக்கூடத்துக்கு மேல்தளத்தில் பணியாற்றிய ஜேனட் பார்க்கர் என்ற மருத்துவப் புகைப்படக்காரர் அந்நோய்க்குப் பலியானார். உலகில் பெரியம்மையால் இறந்ததாகப் பதிவான கடைசி நபர் அவரே. அவர் கிருமியைக் கையாண்டவர் அல்லர் என்பது கருதத்தக்கது.

இந்தியாவில் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989-இல் விதிகள் வெளியாயின. மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாளும் ஒவ்வொரு நிறுவனமும் உயிர்ப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தல் கட்டாயமாயிற்று. நிறுவனத் தலைவர், அறிவியலார், மருத்துவ வல்லுநர் ஆகியோருடன், உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஒருவரும் அதில் இடம்பெறுவர்.

குழு எப்போதாவது கூடும். அன்றாடக் கண்காணிப்போ பாதுகாப்பு அலுவலருடையது. நீராவிக் கிருமிநீக்கக் கலத்தை எடுத்துக்கொள்வோம். 121 பாகை செல்சியசில் குறைந்தது 15 நிமிடம் என்பது பொது அளவு. கருவியின் முள் 121-ஐக் காட்டினாலும், பைகளை அடைத்துத் திணித்திருந்தால் நடுவிலுள்ள கழிவை நீராவி எட்டாது. எனவே வெப்பம் தாங்கும் நுண்ணுயிர் வித்துக்களை உள்ளே வைத்து, அவை மடிந்தனவா என்று அலுவலர் சோதிப்பார். பாதுகாப்புப் பேழையில் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. அதையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். ஆராய்ச்சியாளர் பேழையின் வாயில் ஏடுகளை அடுக்கினாலே காற்றோட்டம் கெடும். இச்சிறு பழக்கத்தைத் திருத்துவது, விலையுயர்ந்த கருவி வாங்குவதைவிடக் கடினம்.

இங்கேதான் இடர்ப்பாடு. தம் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் மூத்த ஆய்வாளரின் சோதனையை நிறுத்துமாறு இளநிலை அலுவலர் சொல்ல முடியுமா? ஆகவே அவர் நேரே நிறுவனத் தலைவருக்குப் பொறுப்பாளராயிருத்தல் நன்று. பணியை இடையில் நிறுத்தும் அதிகாரமும் எழுத்தில் தரப்படவேண்டும். துப்புரவுப் பணியாளருக்கு அவருடைய தாய்மொழியில் பயிற்சியளிப்பதும் இவ்வலுவலர் கடமையே. 2016-ஆம் ஆண்டு உயிர் மருத்துவக் கழிவு விதிகளின்படி, கிருமி வளர்ப்புக் கழிவுகளை வெளியே அனுப்புமுன் அவ்விடத்திலேயே கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். அப்பையைத் தூக்கிச் செல்பவர் அப்பணியாளரே.