சுருள்பாசியில் நீல நிறம்

மிட்டாய், ஐஸ்கிரீம் போன்றவற்றில் செயற்கைச் சாயங்களுக்கு மாற்றாக இயற்கை நிறங்கள் விரும்பப்படுகின்றன. மஞ்சள் நிறத்துக்கு விரலி மஞ்சளும் சிவப்புக்குப் பீட்ரூட்டும் உண்டு; நீலம்தான் அரிது. அதைத் தருவது சுருள்பாசி. அமெரிக்காவில் 2013-ல் இதன் சாற்றை மிட்டாய்களில் சேர்க்க அனுமதி வழங்கப்பட்டது.

சுருள்பாசி என்பது என்ன?

நெல் வயலுக்கு நீங்கள் இடும் நீலப்பச்சைப் பாசியின் உறவு இது. பாசி என்று அழைத்தாலும் இவை பாக்டீரியா இனமே. உப்பும் காரமும் மிகுந்த ஏரிகளில் இயற்கையாக வளரும். ஊட்டமிட்ட கடல்நீரிலும் வளர்க்கலாம். காற்றிலுள்ள தழைச்சத்தை இது நிலைப்படுத்தாது. நாம்தான் கொடுக்க வேண்டும். சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம், சி.வி. சேஷாத்ரி தலைமையில், கிராமங்களுக்கு ஏற்ற எளிய வளர்ப்பு முறைகளை உருவாக்கியது.

தொட்டியும் ஊட்டமும்

ஒரு சென்ட் (40 சதுர மீட்டர்) தொட்டியில் 20 செ.மீ. உயரம் நீர் நிறுத்தினால் 8,000 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்குச் சமையல் சோடா 8 கிராம், உப்பு 5 கிராம் வீதம் 64 கிலோ சோடாவும் 40 கிலோ உப்பும் தேவை. பிற சத்துகளை நீர் ஆய்வுக்குப் பின் முடிவு செய்யவும். தாய்ப்பாசி இட்டு, நாள்தோறும் கலக்கிவிட வேண்டும். நன்கு வளர்ந்தபின் நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5 முதல் 8 கிராம், அதாவது சென்ட்டுக்கு 200 முதல் 320 கிராம் உலர்பாசி எதிர்பார்க்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் கவனிக்க வேண்டியவை

திராட்சைத் தோட்டத்தை ஒட்டித் தொட்டி அமைக்கக்கூடாது. போர்டோ கலவையிலுள்ள மயில்துத்தம் பாசியைக் கொன்றுவிடும். பிற மருந்துகள் படிந்த பாசி உணவுக்கு ஆகாது. ஆனி, ஆடிக் காற்றில் வரும் தூசியையும் சாரலையும் தடுக்க ஒளி ஊடுருவும் கூரை அவசியம்.

நிறம் காப்பது உலர்த்துவதில்தான்

மெல்லிய துணியில் வடித்து, நல்ல நீரில் அலசிப் பிழிந்து, இழைகளாகப் பிழிந்துவிட்டு, 45 டிகிரி செல்சியசுக்கு மிகாமல் நிழலில் உலர்த்தவும். வடிந்த நீரைத் தொட்டியிலேயே விடலாம். நேர்வெயிலும் மிகுந்த சூடும் நீலத்தை அழித்துவிடும். தூளில் ஒரு சிட்டிகையை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடித்துப் பாருங்கள். தெளிந்த நீல நீர் இறங்கினால் நிறம் கெடவில்லை. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பில் இந்நிறம் நிலைக்காது.

சாயம் பிரிப்பது ஆலையின் வேலை. நீங்கள் விற்பது உலர்பாசியே. எனவே வாங்குபவரிடம் தரமும் விலையும் எழுத்தில் பெற்று, உணவுப் பாதுகாப்புப் பதிவும் செய்தபின் தொட்டி கட்டுங்கள். திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கூறும் வாய்ச்சொல்லை நம்பி முதல் போட வேண்டாம்.