பூனைக்கு ஒரு கதவு

லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் வசிக்கும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மகள் ஆசைப்பட்டு ஒரு பூனையைத் தத்தெடுத்து வந்திருக்கிறாள். நள்ளிரவில் ஒரு முறை, விடிகாலையில் ஒரு முறை என்று பின்கதவைத் திறந்துவிடச் சொல்லி அது கத்துகிறது. வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள். பின்கதவில் ஒரு பூனைக்கதவு வைத்துவிடலாம் என்கிறாள் மகள். தெருவில் திரியும் கடுவன் பூனையும் அதே வழியாக உள்ளே வந்து சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போகாதா என்பது அம்மாவின் கவலை. வாடகை வீடு வேறு.

நம் ஊரில் இந்தக் கேள்வி எழுவது அபூர்வம். ஜன்னல் கம்பி, ஓட்டுச் சரிவு, மொட்டை மாடிக் கதவு என்று பூனை நுழைய எங்காவது ஒரு வழி இருக்கும். குளிருக்காகக் கதவும் ஜன்னலும் இறுக அடைத்துக் கிடக்கும் இங்கிலாந்து வீடுகளில் அதற்கு வாய்ப்பில்லை. பிரிட்டனில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பூனை வளர்க்கிறார். அவற்றில் பெரும்பாலானவை தோட்டத்துக்குப் போய் வரும் பூனைகள். கதவின் அடியில் சிறு சதுரம் வெட்டி, முன்னும் பின்னும் ஆடும் ஒரு மடலைப் பொருத்துவது அங்கே குழாய் மாற்றுவதைப் போன்ற சாதாரண வீட்டு வேலை.

அதன் பழைமை மட்டும் சாதாரணமானதல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கில் எக்ஸிடர் நகரப் பேராலயத்தில் ஒரு வானியல் கடிகாரம் இருக்கிறது. பூமியை நடுவில் வைத்து, சூரியனையும் நிலாவையும் அதைச் சுற்றவிடும் பழைய காலத்துக் கடிகாரம். அதற்குக் கீழே சுவரில் ஒரு மரக்கதவு. கதவின் அடிப்பக்கம் வட்டமாக ஒரு துளை. கடிகாரக் கயிறுகளுக்கு விலங்குக் கொழுப்பு தடவுவது அந்தக் கால வழக்கம். கொழுப்பு வாசனைக்கு எலி வந்தது. எலிக்காகப் பூனையை உள்ளே விட வேண்டியிருந்தது. 1598-இல், ஆயர் வில்லியம் காட்டன் காலத்தில், கதவில் துளை போட்ட தச்சர்களுக்கு 8 பென்ஸ் கூலி கொடுத்ததாகப் பேராலயக் கணக்கு சொல்கிறது.

அதே கணக்கு ஏடுகளில் இன்னொரு பதிவு இதைவிட அருமையானது. 1305 முதல் 1467 வரை, ஆலயக் காவலர்களுக்கும் பூனைக்கும் என்று சேர்த்துக் காலாண்டுக்கு 13 பென்ஸ் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது வாரத்துக்கு ஒரு பென்னி. பூனை அந்த ஆலயத்தின் சம்பளப் பட்டியலில் இருந்த ஊழியர்! உண்ணக் கொடுத்து, உலவ வழியும் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆங்கிலக் கவி சாசர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய மில்லர் கதையிலும் பூனைத் துளை வருகிறது. பூட்டிய அறைக்குள் ஒருவன் என்ன செய்கிறான் என்று பார்க்க, வேலைக்காரன் பலகையின் அடியில் பூனை நுழையும் ஓட்டையில்தான் கண்ணை வைக்கிறான். கேட்பவர்களுக்கு அது என்ன ஓட்டை என்று விளக்க வேண்டிய தேவை சாசருக்கு இருக்கவில்லை.

ஐசக் நியூட்டன்தான் பூனைக்கதவைக் கண்டுபிடித்தார் என்று சொல்வதை இத்தோடு விட்டுவிடலாம். பெரிய பூனைக்குப் பெரிய துளையும் குட்டிக்குச் சின்னத் துளையும் போட்டார் என்ற கதை, அவர் இறந்து நூறு ஆண்டு கழித்து, 1827-இல் வந்த ஒரு கேம்பிரிட்ஜ் நினைவுக் குறிப்பில் இருக்கிறது. நியூட்டனிடம் உதவியாளராக இருந்த ஹம்ஃப்ரி நியூட்டனோ, அவர் தம் அறையில் நாயும் வைத்திருக்கவில்லை, பூனையும் வைத்திருக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

வாசகியின் கடுவன் பூனைக்கு வருவோம். வெறும் மடல் வைத்த கதவு யாரையும் தடுக்காது. அதற்கு முதலில் வந்த தீர்வு காந்தம்: பூனையின் கழுத்துப் பட்டையில் ஒரு சிறு காந்தம், அது அருகே வந்தால் தாழ் விலகும். ஆனால் பக்கத்து வீட்டுப் பூனையின் கழுத்திலும் காந்தம் இருந்தால் அதற்கும் கதவு திறந்துவிடும். தோட்டத்துக் கொட்டகையில் கிடக்கும் ஆணி, ஊசி எல்லாம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேரும். கழுத்துப் பட்டை எங்காவது அறுந்து விழுந்துவிட்டால் சொந்தப் பூனையே மழையில் வெளியே நிற்க வேண்டியதுதான்.

2000-களின் பிற்பாதியில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இயற்பியலாளர் நிக் ஹில் வேறு வழியை யோசித்தார். பூனையின் உடம்பிலேயே ஏற்கெனவே ஓர் அடையாளம் இருக்கிறதே, கதவு அதைப் படித்தால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் ஷ்யூர்ஃப்ளாப் நிறுவனத்தின் பூனைக்கதவு. இன்று மற்ற நிறுவனங்களும் இதே வகைக் கதவுகளைச் செய்கின்றன.

அந்த அடையாளம் மைக்ரோசிப். சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடிக் குப்பி. கால்நடை மருத்துவர் ஊசி வழியாகப் பூனையின் பிடரிக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில், தோலுக்கடியில் அதைச் செலுத்துகிறார். உள்ளே ஒரு நுண்சுற்றும் ஒரு செம்புக் கம்பிச் சுருளும் உண்டு, பேட்டரி கிடையாது. பூனை இருக்கும் காலம் முழுவதும் அது வேலை செய்வதற்குக் காரணமே பேட்டரி இல்லாததுதான்.

டைனமோ விளக்கு வைத்த சைக்கிளில் இரவு டியூஷன் முடிந்து வீடு திரும்பிய தலைமுறைக்கு இது சட்டென்று புரியும். சக்கரம் உருளும்வரை விளக்கு எரியும், நின்றால் இருட்டு. பூனைக்கதவின் குகைபோன்ற சட்டத்தைச் சுற்றி ஓர் ஆன்டெனாச் சுருள் ஓடுகிறது. பூனை தலையை உள்ளே நீட்டியதும் கதவு விழித்துக்கொண்டு, வினாடிக்கு 1,34,200 முறை முன்னும் பின்னும் அலையும் காந்தப் புலத்தை எழுப்புகிறது. அந்தப் புலம் சிப்பின் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அந்தத் துளி மின்சாரத்தில் சிப் உயிர் பெற்றுத் தன்னிடம் இருக்கும் 15 இலக்க எண்ணைச் சொல்கிறது. கதவின் நினைவில் அந்த எண் இருந்தால் தாழ் ‘க்ளிக்’கென்று விலகுகிறது. பூனை நெற்றியால் மடலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது. வால் நுனி வந்து சேர்ந்ததும் மடல் ஆடி நின்று, தாழ் மறுபடி விழுகிறது.

கதவுக்கு எண்ணைக் கற்றுக்கொடுப்பதும் சுலபம். பொத்தானை அழுத்திவிட்டு நம் பூனையை ஒரு முறை தலை நுழைக்கவிட்டால் போதும். ஒரு ஷ்யூர்ஃப்ளாப் கதவு 32 பூனைகள்வரை நினைவில் வைத்துக்கொள்ளும். நான்கு சாதாரண ஏஏ பேட்டரிகளில் பல மாதம் ஓடும். எண் தெரியாத கடுவன் வெளியேதான் நிற்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எளிய மாடல்கள் உள்ளே வருவதை மட்டுமே சரிபார்க்கின்றன; வெளியே போகும் பூனை எது என்று பார்ப்பதில்லை. வீட்டில் இரண்டு பூனை இருந்து, ஒன்றை மட்டும் உள்ளேயே வைத்திருக்க வேண்டுமானால் இரு பக்கமும் படிக்கும் மாடலைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தச் சிப்பைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது பூனை எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி அல்ல. அதில் உரிமையாளரின் பெயரோ தொலைபேசியோ இல்லை. எண் மட்டுமே இருக்கிறது. பெயரும் முகவரியும் வேறெங்கோ ஒரு பதிவகத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வார வயதுக்குள் பூனைக்குச் சிப் வைத்துப் பதிவும் செய்வது சட்டக் கட்டாயம். தவறினால் 500 பவுண்டுவரை அபராதம். சிப் வைக்கும் நாளில் எல்லோரும் அக்கறையாகத்தான் இருக்கிறார்கள். பிறகு வீடு மாறுகிறது, கைபேசி எண் மாறுகிறது, பதிவகத்தில் பழைய விவரமே கிடக்கிறது. தொலைந்த பூனையை யாரோ நல்ல மனிதர் மருத்துவரிடம் கொண்டுபோகிறார், எண் கிடைக்கிறது, அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. தத்தெடுத்த பூனை என்றால் பதிவில் முந்தைய உரிமையாளர் பெயரே இருக்கலாம். கதவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அந்தப் பதிவைத் திருத்துங்கள். வாய் பேசாத உயிருக்கு அந்த 15 இலக்கம் ஒன்றுதான் சாட்சி.

பொருத்தும் வேலையில் அளவுதான் முக்கியம். பூனை நிற்கும்போது அதன் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, மடலின் கீழ்விளிம்பு அந்த உயரத்தில் வர வேண்டும். வளர்ந்த பூனைக்குப் பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் ஒட்டி வரும். வெளிப்புறத் தரை தாழ்வாக இருந்தால் அங்கே ஒரு படி வைக்க வேண்டும். துவாரம் சின்னதாகத் தோன்றும், ஆனால் பயப்பட வேண்டாம். பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இறுகப் பிணையாமல் தசைக்குள் மிதப்பதால் தோள் எளிதில் ஒடுங்கும். தலை நுழைந்த இடத்தில் உடம்பும் நுழையும். மிகவும் பருத்த பூனைக்கு மட்டும் பெரிய அளவு தேவைப்படும்.

மரக்கதவோ யூபிவிசி பிளாஸ்டிக் பலகையோ என்றால் பெட்டியோடு வரும் மாதிரி அட்டையை ஒட்டி, மூலைகளில் டிரில் போட்டு, ஜிக்ஸாவால் அறுத்துவிடலாம். உலோகக் கதவில் சிக்கல் உண்டு. உலோகம் ஆன்டெனாவின் புலத்தைக் குலைத்துவிடும் என்பதால் சுற்றிலும் பெரிய துளை வெட்டி, இடையில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் கொடுக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டின் முன்கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அதில் கை வைக்கவே கூடாது.

கண்ணாடி தனிக் கதை. பின்கதவுகளில் இருக்கும் பதப்படுத்திய கண்ணாடியை வெட்ட முடியாது. துளைத்தால் முழுதும் நொறுங்கிவிடும். தொழிற்சாலையில் பதப்படுத்தும் முன்பே துளை போட்டுப் புதிய இரட்டைக் கண்ணாடியாகச் செய்து வாங்க வேண்டும். செலவு கூடுதல்தான். ஆனால் வாடகை வீட்டுக்கு இதுவே நல்ல வழி. வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, கழற்றிய பழைய கண்ணாடியைப் பத்திரமாக எடுத்து வைத்தால், காலி செய்யும்போது அதையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம்.

கதவு வைத்தாயிற்று, பூனை போக மறுக்கிறது என்று அடுத்த வாரமே புகார் வரும். அவசரத்தில் பூனையைப் பிடித்து மடலுக்குள் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு முறை மிரண்ட பூனை அந்தப் பக்கமே வராது. முதல் சில நாள் மடலை மேலே தூக்கி டேப் போட்டு ஒட்டிவிட்டு, மறுபக்கம் அதற்குப் பிடித்த தின்பண்டத்தோடு உட்காருங்கள். சாதாரணமாகப் போய் வரத் தொடங்கியதும் மடலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். தாழின் ‘க்ளிக்’ சத்தத்தைக் கடைசியாகப் பழக்குங்கள்.

பழகிய பூனையும் வாசலில் தயங்கும். முகத்தை மட்டும் வெளியே நீட்டி, மீசை முன்னோக்கி விரிய, காதுகள் தனித்தனியாகத் திரும்ப, அரை நிமிடம் அப்படியே நிற்கும். வெளியே வேறு பூனை பதுங்கியிருக்கிறதா என்று பார்க்கிறது. கதவுக்கு வெளியே இரண்டு பூந்தொட்டி வைத்து மறைவு கொடுத்தால் அதற்குப் பெரிய நிம்மதி. சாப்பாட்டுக் கிண்ணத்தை உள்ளே கதவோரம் வைக்காமல் தள்ளி வையுங்கள்.

இனி, அந்த வாசலுக்கு வெளியே இருக்கிற மற்ற உயிர்களைப் பற்றி. பிரிட்டன் பூனைகள் ஒரு வசந்தமும் கோடையும் சேர்த்து 10 கோடி உயிர்கள்வரை பிடிக்கின்றன, அதில் 2.7 கோடி பறவைகள் என்பது அங்குள்ள பாலூட்டிகள் சங்கத்தின் மதிப்பீடு. பூனைக்குப் பென்னி கணக்கில் படி அளந்த அதே எக்ஸிடரில்தான், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனை வேட்டையைக் குறைக்க வழி தேடினார்கள். தென்மேற்கு இங்கிலாந்தில் 219 வீடுகளின் 355 பூனைகளை 12 வாரம் கவனித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். தானியம் கலக்காத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த வீடுகளில் பூனை கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையோடு விளையாடியதில் 25 சதவீதம் குறைந்தது. கழுத்தில் கட்டிய மணியால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

பூனைக்கதவாலும் இதில் ஏதாவது செய்ய முடியும். அமெரிக்காவின் சியாட்டிலில் பென் ஹாம் என்பவர் 2019-இல் தன் பூனை மெட்ரிக்குக்காகக் கதவுக்கு மேலே ஒரு கேமரா பொருத்தினார். வாயில் இரையோடு வந்தால் படத்திலிருந்து கணினி கண்டுபிடித்து 15 நிமிடம் கதவைப் பூட்டிவிடும். இப்போது சுவிட்சர்லாந்தின் ஃபிளாப்பி போன்ற நிறுவனங்கள் அத்தகைய கதவையே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டன. தரை விரிப்பு தப்பிக்கும். ஆனால் பூனை வாயில் இருக்கும் சிட்டுக்குருவிக்கு அது காலம் கடந்த உதவி.

குருவியைக் காப்பது நேரப் பூட்டு. பறவைகள் இரை தேடி வெட்டவெளியில் மும்முரமாக இருக்கும் வேளை, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் உதித்து ஒரு மணி நேரம் வரையும். பிரிட்டனில் மார்ச் முதல் ஜூலை வரை கூடுவிட்டு இறங்கிய குஞ்சுகள் சரியாகப் பறக்கத் தெரியாமல் புதர்களுக்கு அடியில் இருக்கும். குறித்த நேரத்தில் பூட்டிக்கொள்ளும் வசதி பல சிப் கதவுகளில் இருக்கிறது. உள்ளே வரலாம், வெளியே போக முடியாது என்று அதை வைத்துவிட்டால், வெளியே மாட்டிக்கொண்ட பூனையும் வீடு திரும்பிவிடும். சூரியன் மறையும் நேரம் லண்டனில் மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்த நேரத்தை மாற்றி வைக்க வேண்டும். பூட்டிய வேளையில் பூனைக்குப் பொழுது போக, ஒரு குச்சியில் கட்டிய இறகும் பத்து நிமிடமும் போதும்.