யன்னலின் அடி நாலு அங்குலம்

கடந்த ஆண்டு சோளகம் தொடங்கியதும் எங்கள் வீட்டின் இரண்டு பழைய யன்னல்களை மாற்றுவதற்கு விலை கேட்கப் போனேன். வந்து பார்த்தவர் அதிகம் யோசிக்கவில்லை. "உதுகளைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அலுமினியம் போடுங்கோ தம்பி. ஒரு நாள் வேலை" என்றார். அம்மா மட்டும் மறுத்தார். "கழட்டிக்கொண்டு போனதுதான் துலைஞ்சது. நிண்டது நிக்கட்டும்."

அம்மா சொன்னதில் ஒரு கதை இருக்கிறது. கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீரை நம்பிய குடியேற்றக் கிராமம் ஒன்றில் அப்பா கட்டிய வீட்டுக்கு நாலு முதிரை யன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவுகள். மேலே கண்ணாடி, கீழே பலகை. 1996இல் இடம்பெயர்ந்தபோது நாலையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றி அக்கராயன் பக்கம் கொண்டுபோனோம். சமாதான காலத்தில் திரும்பி வந்து அதே இடத்தில் பூட்டினோம். 2008இன் கடைசியில் இரண்டைத்தான் கழற்ற முடிந்தது. அவை விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் எங்கேயோ போயின. 2010இல் வந்து பார்த்தபோது கூரை இல்லை. சுவரில் விட்டுப்போன இரண்டு யன்னல்கள் இரண்டு மாரி மழையில் நனைந்தபடி நின்றன.

பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபாயில் வீடு கட்டினோம். பழைய இரண்டையும் வைத்து, மேலும் இரண்டு புதிதாகச் செய்வித்தோம். காசுக்கேற்ற மரம், இளமரம். ஆறேழு வருடத்தில் புதியவற்றில் ஒன்று வளைந்தது. மற்றதைக் கறையான் தின்றது. பழையவை இன்னும் நிற்கின்றன. அப்படியானால் அவற்றில் உண்மையில் பழுதாகியிருப்பது என்ன? அதைக் கண்டுபிடிக்க ஓய்வுபெற்ற ஓடாவியார் ஒருவரை அழைத்து வந்தேன்.

எங்கே உக்குகிறது?

அவர் சிறிய திருகாணிச் சாவியால் மரத்தைக் குத்திக்கொண்டே போனார். மேற்சட்டத்திலும் பக்கச் சட்டங்களிலும் நுனி இறங்கவில்லை. கதவின் அடிச்சட்டத்திலும், நிலையின் கால் சீமெந்தைத் தொடும் இடத்திலும் மட்டும் ஓர் அங்குலம் இறங்கியது. "அடியிலை நாலு அங்குலம்தான் போயிருக்கு. மிச்சம் இன்னும் ஒரு தலைமுறைக்குக் காணும்" என்றார்.

இதற்குக் காரணம் எளிது. மரம் நீரைப் பக்கவாட்டில் குடிப்பதைவிட வெட்டுமுகத்தால் பல மடங்கு வேகமாகக் குடிக்கும். யன்னலில் வழியும் மழைநீர் எல்லாம் அடிக்கு வந்து, சட்டங்கள் பொருந்தும் மூலையிலும் நிலைக்காலின் வெட்டுமுகத்திலும் தங்குகிறது. அங்கேதான் பெயின்றும் முதலில் வெடிக்கிறது. கறையானும் சுவர் இடுக்கு வழியாக மண்குழாய் கட்டி அந்த ஈரத்துக்கே வருகிறது.

நான் விட்ட பிழைகள்

முன்பொரு மாரியில் இந்தக் கதவுகளில் ஒன்று இறுகித் திறக்க மறுத்தது. சீவுளி எடுத்து விளிம்பைச் சீவிவிட்டேன். பங்குனி வெயிலில் மரம் சுருங்க, இரண்டு கதவுக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி வந்தது. மாரியில் மரம் ஊதும், சோளகத்தில் சுருங்கும். எனவே மாரியில் இறுகும் கதவைச் சீவக்கூடாது. காய்ந்த பின்னும் இறுகினால் முதலில் பிணைச்சலைப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் திருகாணித் துளை தளர்ந்து கதவு தொங்கியிருக்கும். துளைக்குள் வைரமான மரத்துண்டைப் பசையிட்டு அடித்து, மறுபடி துளையிட்டுப் பூட்டினால் போதும்.

இரண்டாவது பிழை, உக்கிய மூலையைச் சீமெந்தால் அடைத்தது. மரம் அசையும், சீமெந்து அசையாது. இரண்டுக்கும் இடையில் வெடிப்பு விழுந்து, அதற்குள் தண்ணீர் தேங்கி, உக்கல் இன்னும் மேலே ஏறியது.

வேலை நடந்த விதம்

முதலில் கதவுகளைக் கழற்றி, எது எந்தப் பக்கம் என்று குறித்துவைத்தோம். பழைய பெயின்றை நெருப்பால் எரித்தோ உலர்வாகத் தேய்த்தோ எடுக்கக்கூடாது. இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு வரம்பு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம். அதன் தூசி சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நிலத்தில் பொலித்தீன் விரித்து, மரத்தை நனைத்து நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைச் சுருட்டிக் கட்டினோம். பிள்ளைகளைக் கிட்ட விடவில்லை. முதிரைத் தூசியும் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும் என்பதால் மூக்கையும் கையையும் மூடிக்கொண்டோம்.

சீவுளி வைக்கும் முன் ஓடாவியார் ஒரு பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை மரத்தின்மேல் மெதுவாக ஓட்டினார். வன்னியில் பழைய மரத்தில் வேலை செய்பவர்களுக்கு இது பழக்கம். ஒரு பக்கச் சட்டத்தில் காந்தம் ஒட்டிக்கொண்டது. உள்ளே செல் துண்டு ஒன்று. சிறிய உளியால் சுற்றிக் கொத்தி எடுத்துவிட்டு, துளையை மரத்தால் அடைத்தார். எடுக்காமல் விட்டிருந்தால் சீவுளியின் அலகு போயிருக்கும். இரும்புத் துரு மரத்தையும் தின்றுகொண்டிருந்திருக்கும்.

பிறகு உக்கிய பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டினோம். வெட்டு நேராக இல்லாமல் வெளிப்பக்கம் சாய்வாக இருக்கவேண்டும். அப்போதுதான் பொருத்தில் தண்ணீர் நிற்காது. ஒட்டும் துண்டும் அதே மரமாக, நார் ஓடும் திசை ஒன்றாக இருக்கவேண்டும். முதிரை வெட்டவும் ஏற்றவும் அனுமதி வேண்டும். காடும் முன்புபோல் இல்லை. பக்கத்துக் காணியில் உடைந்து கிடந்த ஒரு பழைய கதவு நிலையைக் கேட்டு வாங்கினோம். இரண்டு பாகத்தையும் கலந்து பூசும் அரால்டைட் வகைப் பசையால் ஒட்டி, பித்தளைத் திருகாணி பூட்டினோம். பித்தளை மென்மையானது. முதலில் இரும்புத் திருகாணியால் வழியெடுத்து, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையைப் பூட்டினால் தலை முறியாது.

கண்ணாடிக்குச் சோக்குத் தூளையும் லின்சீட் எண்ணெயையும் பிசைந்த புட்டி. அது மேலே தோல் பிடிக்க இரண்டு கிழமை விட்டோம். வெட்டுமுகங்களுக்குப் பிறைமர் இரண்டு தரம் குடிக்கக் குடிக்கப் பூசி, பிறகுதான் பெயின்ற். பெயின்ற் புட்டியைத் தாண்டிக் கண்ணாடியில் ஒரு நூல் அளவு ஏறவேண்டும். அந்த ஓரம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. கடைசியாக, யன்னலின் அடிச் சீமெந்தை வெளிப்பக்கம் சரிவாகத் திருத்திப் பூசினோம். இதைச் செய்யாவிட்டால் மற்ற வேலை எல்லாம் சில மாரியோடு போய்விடும்.

எப்போது அலுமினியம்?

எல்லா யன்னலையும் காப்பாற்றமுடியாது. சட்டத்தின் பாதிக்குமேல் குத்துக்கோல் இறங்கினால், அல்லது மரமே இளமரமாக இருந்தால், செலவழிப்பதில் பயனில்லை. எங்கள் புதிய யன்னல்கள் இரண்டுக்கும் அலுமினியம்தான் போட்டோம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் வைரம் பாய்ந்த முதிரையோ பாலையோ வீட்டில் இருந்தால், எறிவதற்கு முன் ஒரு திருகாணிச் சாவியால் குத்திப் பாருங்கள். அதே தரத்தில் மரத்தை இன்று வாங்குவது வன்னியிலேயே கடினம்.

இரண்டு யன்னலுக்கும் பத்து நாள் கூலி போனது. இனி ஒவ்வொரு புரட்டாதியிலும், வாடை தொடங்கும் முன், அடிச்சட்டத்தைத் துடைத்து வெடிப்புப் பார்த்துப் பூசவேண்டும். அது அரைநாள் வேலை. செல் துண்டை எறியப்போனேன். அம்மா வாங்கி யன்னல் படியில் வைத்துவிட்டார். காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க அதைத்தான் இப்போது முட்டுக் கொடுக்கிறார்.