எவர்சில்வருக்கும் வெடிப்பு வருமா?



எங்க அப்பா போர் மோட்டார் தூக்கி இறக்குற வேலை செய்கிறார். போன மாதம் ஒரு தோட்டத்தில், எட்டு மாதம் முன்பு இறக்கிய மோட்டாரை மேலே எடுத்தார்கள். ஒரு எவர்சில்வர் போல்ட்டின் தலை தனியாக வந்துவிட்டது. "நீ அளவுக்கு மீறி முறுக்கிட்ட, அதான் போச்சு" என்று தோட்டத்துக்காரர் கூலியில் பிடித்துக்கொண்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. போல்ட்டை நான் பார்த்தேன். துரு இல்லை, பளபளன்னு இருந்தது. அறிவியல் சாரிடம் கொண்டுபோனேன்.

எவர்சில்வர் என்பது குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த இரும்பு. அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து பாலாடை மாதிரி மேலே படியும், கண்ணுக்குத் தெரியாது. கீறினாலும் மறுபடி படியும். ஆனால் உப்புத்தண்ணியில் உள்ள குளோரைடு அதில் ஊசிமுனை ஓட்டை போடும். சும்மா கிடக்கும் தட்டு என்றால் புள்ளி விழுவதோடு சரி. முறுக்கி இழுத்துப் பிடித்த போல்ட் என்றால் அந்த ஓட்டையே வெடிப்பாகி, ஆடை படிவதற்குள் இன்னும் பிளந்து, உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாள் படக்கென்று உடையும். இதுதான் தகைவு அரிப்பு வெடிப்பு.

பித்தளைக்கும் இது வரும். வெள்ளைக்காரர் காலத்தில் நம் நாட்டில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தானாக வெடித்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல் விளக்கினார்கள். கூட்டை லேசாகச் சூடாக்கி, உள்ளே இருந்த இறுக்கத்தைப் போக்கியதும் வெடிப்பு நின்றது.

எனக்கு ஆச்சரியமான விஷயம், கெட்டியான எஃகுதான் சீக்கிரம் வெடிக்குமாம்! 17 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல் உள்ள எஃகுக்கு 17-4 என்று பெயர். அதை 482 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தினால் பலம் மிக அதிகம், வெடிக்கும் பயமும் அதிகம். 621 டிகிரி என்றால் பலம் குறையும், ஆனால் உப்பைத் தாங்கும்.

அளவுக்கு மீறி முறுக்கினால் போல்ட்டின் கழுத்து இழுபட்டு ஒல்லியாகும். அப்பாவுடையதில் அப்படி இல்லை. ஆனாலும் ஆய்வகத்தில் பார்த்தால்தான் உறுதி என்று சார் சொன்னார். ரொம்ப முறுக்கினால் இழுவை கூடும் என்பதும் உண்மைதான், அதை மறைக்கக் கூடாது.

வீட்டில் சொன்னேன். அப்பா போல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் கெணத்துக்கு வேற போல்ட் கேக்கோணும்" என்றார்.

உடைந்த போல்ட் சார் மேசையில் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்க்கலாம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி