அலிப்பூர்: வாதாடிய வக்கீல், அடைபட்ட கைதி

அலிப்பூர் நீதிமன்றத்துக்கும் பழைய மத்திய சிறைக்கும் இடையே அதிக தூரமில்லை. சித்தரஞ்சன் தாஸுக்கு அதைக் கடக்க 12 வருடங்களுக்கு மேல் ஆனது. நீதிமன்றத்தில் பெயரெடுத்த வக்கீலாக நின்றவர், சிறைக்குள் அரசியல் கைதியாகப் போனார்.

1908-ல் அவர் லண்டனில் படித்துத் திரும்பிய பாரிஸ்டர். அதேசமயம், தந்தையோடு சேர்ந்து திவாலானவர் என்று 1906-ல் அறிவிக்கப்பட்டவர். அந்த ஏப்ரல் 30 அன்று முஸாபர்பூரில் வீசப்பட்ட குண்டுக்கு இரண்டு ஐரோப்பியப் பெண்கள் பலியானார்கள். தொடர்ந்து நடந்த கைதுகளில் அரவிந்தரும் அவர் தம்பி பாரீந்திரரும் சிக்கினார்கள். அரசுத் தரப்பில் வாதாடியவர் சென்னையில் கொடிகட்டிப் பறந்த வக்கீல் எர்ட்லி நார்ட்டன். 200-க்கும் மேற்பட்ட சாட்சிகள், சுமார் 4,000 ஆவணங்கள்.

அரசின் முக்கிய ஆயுதம் ஒரு கடிதம். நாடெங்கும் 'இனிப்பு' தயாராக இருக்க வேண்டும் என்று தம்பி அண்ணனுக்கு எழுதியதாம். இனிப்பு என்றால் வெடிகுண்டு என்றது அரசு. தாஸ் வீட்டு வழக்கத்தையே சாட்சிக்கு இழுத்தார். வங்காளி வீட்டில் அண்ணனை 'டியர் பிரதர்' என்றா அழைப்பார்கள்? சொந்த அண்ணனுக்கு எழுதும் கடிதத்தில் யாராவது முழுப்பெயரும் போட்டுக் கையெழுத்திடுவார்களா? கடிதம் சந்தேகத்துக்குரியது என்று நீதிபதி பீச்கிராஃப்ட் அதை ஏற்கத் தயங்கினார். 1909 மே 6-ல் அரவிந்தர் விடுதலை. பாரீந்திரருக்குத் தூக்கு, மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது.

வழக்குகள் குவிந்தன. சட்டப்படி கட்ட வேண்டிய அவசியமில்லாத பழைய கடன்களை தாஸ் 1913-ல் அடைத்தார். 1920-ல் நாக்பூர் காங்கிரசுக்குப் பின், கொழித்துக்கொண்டிருந்த தொழிலையே உதறினார். 1921 டிசம்பரில் கைது. அந்த ஆண்டு காங்கிரஸ் தலைவராகத் தேர்வு செய்யப்பட்டிருந்தவர் அவர். அலிப்பூர் சிறையில் அவருடன் இருந்த இளைஞர் சுபாஷ் சந்திர போஸ்.

வெளியே வந்ததும் காந்தியவாதிகளுடன் மோதல். சட்டசபைகளைப் புறக்கணிப்பதைவிட உள்ளே புகுந்து முடக்குவதே மேல் என்றார் தாஸ். 1922 கயா காங்கிரசில் தோற்றதும் மோதிலால் நேருவோடு சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார். தமிழகத்தில் சத்தியமூர்த்தி அதன் முக்கியக் குரல். 1924-ல் வங்க சட்டசபையில் அமைச்சர்களின் சம்பளத்தையே சுயராஜ்யவாதிகள் நிராகரிக்க வைத்தார்கள். அதே ஆண்டு தாஸ் கல்கத்தா மேயரானார்.

ஆனால் அவருடைய பெரிய சூதாட்டம் வேறு. சுயராஜ்யம் வந்தால் அரசு வேலைகளில் 55 சதவீதம் முஸ்லிம்களுக்கு என்ற 1923-ன் வங்க ஒப்பந்தம் அது. அந்த ஆண்டே காக்கிநாடா காங்கிரஸ் அதை நிராகரித்தது. 1925 ஜூன் 16-ல் டார்ஜிலிங்கில் தாஸ் இறந்தபோது வயது 54. மறு வருடம் ஒப்பந்தமும் கைவிடப்பட்டது. சுமார் இருபது ஆண்டுகளில் வங்கம் பிளந்தது. அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பாரா என்பதற்குத் தீர்ப்பு சொல்ல எந்த நீதிபதியாலும் முடியாது.

அவர் கொடுத்துவிட்டுப் போன வீடு மருத்துவமனையானது. அவர் அடைபட்ட சிறை 2022 முதல் அருங்காட்சியகம்.